பிள்ளைகளின் இரவைக் களவாடியவர்கள் யார்?





2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ஓர் ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை எவரும் நுழையக் கூடாது. அந்த ஐந்து மணி நேரமும் அவை பூட்டிக் கிடக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. விளையாட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவ்விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே முற்றாகத் தடைசெய்து சட்டம் இயற்றியது.

சூதாட்டம் ஹராம் என்று 1400 ஆண்டுகளாகச் சொல்லிவரும் சமுதாயத்திற்கு இச்செய்தி மகிழ்ச்சி தந்திருக்கும். எனக்கு அதில் உறுத்தியது வேறொன்று. பன்னிரண்டு முதல் ஐந்து என்று அரசு வரைந்த அந்தக் கோட்டைப் பாருங்கள். அது எங்கே முடிகிறது? நமது சுப்ஹுடைய பாங்கு ஒலிக்கும் நேரத்தை ஒட்டி முடிகிறது. மனிதன் உறங்க வேண்டிய நேரம் இது என்று ஓர் அரசு வாரியம் விதி எழுதி, நிறுவனங்களின் வழக்கறிஞர்களோடு வாதாடி, நீதிபதிகளின் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. இஷாவுக்கும் சுப்ஹுக்கும் இடையே ஏற்கெனவே ஒரு வேலி போடப்பட்ட சமுதாயத்தில் அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தவர்கள் யார் என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

நான் செம்பட்டியில் வசிப்பவன். எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு ஒரு சொல்: திண்டுக்கல், வத்தலக்குண்டு, பழனி, நிலக்கோட்டை ஆகிய திசைகளின் சாலைகள் வந்து கூடும் இடம் அது. கம்பம், குமுளிப் பேருந்துகளும் பழனிக்குச் செல்லும் வண்டிகளும் கடந்து செல்வதால் இரவென்று ஒன்று அங்கே முழுமையாக இறங்குவதே இல்லை. காலையில் ஏழு மணியை ஒட்டி அந்தச் சந்திப்பில் நின்று பார்த்தால் சித்தையன்கோட்டை, ஆத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கல்லூரிப் பேருந்துகளில் ஏறுவதைக் காணலாம். ஏறிய இரண்டாம் நிமிடத்தில் தலைகள் கண்ணாடியில் சாய்ந்துவிடுகின்றன. திண்டுக்கல் போய்ச் சேரும்வரை அந்தப் பேருந்து நகரும் படுக்கையறையாகவே இருக்கிறது. மாலையில் திரும்பும்போதும் அதே காட்சிதான்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம்? “இந்தக் காலத்து வாலிபர்கள் சுப்ஹுக்கு வருவதில்லை.” “செல்போன் இவர்களைக் கெடுத்துவிட்டது.” “சோம்பேறிகள்.” ஜும்ஆ மேடையிலும் இதே கண்டனம், வீட்டுக் கூடத்திலும் இதே வசைமாரி. பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாற்பத்தைந்து வயதினர் அனைவரும் நீதிபதிகளாக அமர்ந்திருக்கிறோம். இந்த ஏற்பாடு அநீதியானது என்பதே என் வாதம். சுப்ஹு தவறுவது காலையில் நிகழும் குற்றமன்று. அது முந்தைய இரவிலேயே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. அந்த இரவை நடத்துகிறவர்கள் பிள்ளைகளல்லர், நாம்.

ஒரு வீட்டின் மாலைப் பொழுதை நேர்மையாக எண்ணிப் பாருங்கள். பிள்ளை கல்லூரியிலிருந்து வீடு சேர ஆறு மணியாகிறது. மக்ரிப் முடிந்து சற்று ஓய்கிறான். எட்டு அல்லது எட்டரைக்கு இஷா ஜமாஅத். அத்தா கடையைப் பூட்டிவிட்டு வரப் பத்து மணி. அத்தா வந்த பின்னர்தான் சோறு. சோற்றோடு தொலைக்காட்சி. பத்தரைக்கு வெளிநாட்டிலிருக்கும் மாமாவின் வீடியோ அழைப்பு. அங்கே அவருக்கு அப்போதுதான் வேலை முடிந்திருக்கும். எல்லாம் ஓய்ந்து விளக்கணைய நள்ளிரவாகிறது. பிள்ளைக்குத் தனியறை இல்லாத வீடுகளே நம்மில் பெரும்பாலானவை. தொலைக்காட்சி இருக்கும் அதே கூடத்தில்தான் அவன் பாய் விரிக்கிறான். அவன் பதினொன்றுக்கே உறங்க விரும்பினாலும் எங்கே உறங்குவான்? கையில் கைப்பேசியை எடுக்கிறான். அதைக் கண்டதும் நமக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது.

அந்த வீட்டில் கல்லூரிக்குச் செல்லும் மகளும் இருந்தால் கணக்கு இன்னும் கொடியது. பத்தரை மணிச் சோற்றுக்குப் பின் பாத்திரம் கழுவுகிறவள் யார்? அடுப்படியைத் துடைத்து, மறுநாளுக்கு அரிசி ஊறப்போட்டு, அம்மாவுக்குக் கைகொடுத்துவிட்டு, பதினொன்றரைக்குப் புத்தகத்தைத் திறக்கிறாள். காலையில் அண்ணன் எழுவதற்கு முன்னரே அவள் எழ வேண்டும். அண்ணனின் தூக்கத்தைப் பற்றியாவது ஊரில் வசவு இருக்கிறது. இவளுடைய தூக்கத்தைப் பற்றி வசவுகூட இல்லை. பட்டப்படிப்பின் மூன்றாண்டும் ஐந்து மணி நேர உறக்கத்தில் ஓட்டிய பெண்பிள்ளைகள் நம் தெருக்களில் எத்தனை பேர் என்று தாய்மார்களைக் கேட்டால் தெரியும். தலைவலி, மாதவிடாய்க் கோளாறு, எதற்கெடுத்தாலும் அழுகை என்று வரும்போது “கண்ணேறு பட்டிருக்கும்” என்று ஓதிப் பார்க்கிறோம். ஓதிப் பார்ப்பது நல்லதுதான். அதோடு இரவுச் சோற்றை எட்டரைக்குப் போட்டுப் பார்த்தால் என்ன?

பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையிலானோருக்கு நாளொன்றுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவ உலகின் ஒருமித்த பரிந்துரை. இவ்வயதில் உடலுக்குள் ஓடும் கடிகாரமும் சற்றுப் பிந்தியே ஓடும். அத்தாவுக்கு ஒன்பதரைக்கு இமை கனத்தால், அவருடைய மகனுக்கு அது வேறொரு மணி நேரம் கழித்தே கனக்கும். இது அவனுடைய குணக்கேடன்று, படைப்பின் இயல்பு. இந்த உடற்கடிகாரம் உயிரணுக்களுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அக்கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் சாவி வெளிச்சம். இரவில் கண்ணில் படும் வெளிச்சம் உறக்கத்தை அழைக்கும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது. காலையில் படும் வெயில் அதை முன்னுக்கு இழுக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர் கென்னத் ரைட் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைக் காட்டிற்று. எட்டுப் பேரை ஒரு வாரம் மலைப்பகுதியில் கூடாரமடித்துத் தங்க வைத்தார்கள். கைவிளக்கு கிடையாது, கைப்பேசி கிடையாது. சூரியனும் நெருப்பும் மட்டுமே. ஒரே வாரத்தில் அவர்களுடைய உடற்கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னுக்கு வந்துவிட்டது. இராக்கோழிகள் எனத் தம்மைச் சொல்லிக்கொண்டவர்களிடம் அம்மாற்றம் அதிகமாகவே தெரிந்தது.

அப்படியானால் “என் மகனுக்கு இரவில் தூக்கமே வராது, அவன் அப்படித்தான்” என்ற பேச்சுக்கு என்ன பொருள்? வீடு முழுவதும் வெள்ளை விளக்கைப் பன்னிரண்டு மணிவரை எரியவிட்டு, காலை எட்டுவரை ஜன்னலைச் சாத்தி வைத்துவிட்டுச் சொல்லும் பேச்சு அது. இரவில் உறங்கச் செல்லும்போது விளக்குகளை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதை நாம் தீ விபத்து பற்றிய அறிவுரையாகப் படித்தோம். அந்த ஹதீஸ் சொல்லும் காரணமும் அதுதான். ஆனால் அக்கட்டளைக்குக் கீழ்ப்படிந்த வீடு ஒவ்வொன்றும் இருண்டே இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

திண்டுக்கல்லில் வாழும் நமக்குச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. கோடையில் இலண்டனில் படிக்கும் நம் பிள்ளைக்கு இஷா வர இரவு பதினொரு மணியாகிறது; மூன்று மணியை ஒட்டிச் சுப்ஹு நுழைந்துவிடுகிறது. அவனுடைய சிரமம் உண்மையான சிரமம். நமக்கோ ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றேகால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். பன்னிரண்டு மாதமும் எட்டு மணிக்குள் இஷா நுழைந்துவிடுகிறது. ஐந்து மணிக்கு முன்பின் சுப்ஹு. நடுவில் ஒன்பது மணி நேரம் கிடக்கிறது. ஓர் இளைஞனின் உறக்கத்துக்குத் தேவையானதை அப்படியே அளந்து வைத்தது போன்ற இரவு இது. இரவை ஆடையாகவும் உறக்கத்தை ஓய்வாகவும் பகலை வாழ்க்கைத் தேட்டத்துக்காகவும் ஆக்கியிருப்பதாக அல்லாஹ் நினைவூட்டுகிறான் (அல்குர்ஆன் 78:9-11). அந்த ஆடையைக் கிழித்துக்கொண்டு, குளிர்கிறது என்று பிள்ளையைத் திட்டுகிறோம்.

இனி, படிப்பு என்ற பெயரில் நடக்கும் கொடுமைக்கு வருகிறேன். “விடிய விடியப் படிக்கிறான்” என்பது நம் வீடுகளில் ஒரு பெருமைச் சொல். பல்கலைக்கழகத் தேர்வு வந்தால் பிளாஸ்கில் தேநீர் போட்டு வைத்து, மூன்று மணிவரை விழித்திருக்கும் மகனை உறவினரிடம் புகழ்கிறோம். குடித்த தேநீரின் காஃபின் உடலில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பதினொரு மணிக்குக் குடித்தது நான்கு மணிக்கும் அவனோடு விழித்திருக்கிறது.

இதே தெருவில் இன்னொரு கல்விக்கூடம் இருக்கிறது. அதை நாம் கல்விக்கூடமாகவே மதிப்பதில்லை. ஹிஃப்ழு மதரஸாவைச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதுச் சிறுவன் அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு வேதத்தை, தன் தாய்மொழியிலும் இல்லாததை, எழுத்துப் பிசகாமல் நெஞ்சில் ஏற்றுகிறான். உலகில் எந்தப் பல்கலைக்கழகமும் தன் மாணவனிடம் இவ்வளவைக் கேட்பதில்லை. அவனுடைய நாள் எப்படி அமைந்திருக்கிறது? இஷா தொழுது, சாப்பிட்டு, விளக்கணைத்துப் படுக்கை. சுப்ஹுக்கு முன்னர் எழுகை. புதுப் பாடமாகிய சபக்கு சுப்ஹை ஒட்டித்தான். தலை தெளிந்திருக்கும் நேரம் அது என்பது ஹஜ்ரத்துமார்களுக்குத் தெரியும். நண்பகலில் கைலூலா என்னும் சிறு துயில். பழைய பாடங்களைத் திருப்பிச் சொல்வது மற்ற வேளைகளில். விடிய விடிய விழித்து ஹாஃபிழானவனை நான் பார்த்ததில்லை. அண்ணன் கல்லூரியில் நான்கு பாடங்களில் அரியர் வைத்துவிட்டு இரவெல்லாம் விழிக்கிறான். தம்பி மதரஸாவில் ஒன்பதரைக்கு உறங்கிப் பத்தாவது ஜுஸ்வைக் கடக்கிறான். இருவரும் ஒரே தாயின் பிள்ளைகள், ஒரே அறிவு. நாம் பெருமைப்படுவதோ அண்ணனின் விழிப்பைக் கண்டு.

ஹஜ்ரத்துமார்கள் அனுபவத்தால் கண்டதை ஆய்வாளர்கள் பின்னர் அளந்து பார்த்தார்கள். 1924-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் இரண்டு மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினர். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்த பின் உறங்கினால் எவ்வளவு மறக்கிறது, விழித்திருந்தால் எவ்வளவு மறக்கிறது என்று பார்த்தனர். உறங்கியபோது மறந்தது மிகக் குறைவு. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 2019-இல், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் வேதியியல் வகுப்பு மாணவர்களின் கையில் உறக்கத்தை அளக்கும் பட்டையைக் கட்டிப் பருவம் முழுவதும் கவனித்தார்கள். தேர்வுக்கு முந்தைய ஓரிரவில் மட்டும் நன்றாகத் தூங்கியதால் மதிப்பெண்ணில் ஒன்றும் மாறவில்லை. பல வாரங்களாக நாள்தோறும் ஒரே ஒழுங்கில், போதிய அளவு உறங்கியவர்களே மேலே நின்றனர். நள்ளிரவு இரண்டு மணிக்குப் பின் படுக்கச் சென்றவர்கள், மற்றவர்கள் தூங்கிய அதே ஏழு மணி நேரத்தைத் தூங்கியிருந்தாலும், பின்தங்கினர் என்பது அவ்வாய்வாளர்களையே வியக்க வைத்தது. விடுமுறை நாளில் பதினொரு மணிவரை உறங்கி வாரக் கடனைத் தீர்த்துவிடலாம் என்று நம்பும் பிள்ளைகளும், அதற்கு இசையும் தாய்மார்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

ஸக்ர் அல்ஃகாமிதீ (ரலி) அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். தம் சமுதாயத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் துஆ கேட்டதை அறிவிப்பவர் அவர்தாம். வணிகரான அவர் தம் சரக்குகளைக் காலையிலேயே அனுப்பிச் செல்வந்தரானார் என்று அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இடம்பெறுகிறது. நிலக்கோட்டைச் சந்தைக்குப் பூப்பறிக்கும் பெண்கள் விடியுமுன் தோட்டத்தில் நிற்கிறார்கள். அந்த துஆவை அறியாதவர்களே அதன் நேரத்தைப் பயன்படுத்துகிறார்கள். அறிந்த நாம் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறோம்.

இன்னொன்றைக் கசப்பாகவே சொல்ல வேண்டும். மதுவை ஒரு சொட்டும் தொடாத குடும்பங்கள் நம்முடையவை. ஆனால் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகளின் முடிவைப் பாருங்கள்: பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் கையும் கண்ணும் மூளையும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவனுடையவை போல் தடுமாறுகின்றன. இருபத்து நான்கு மணி நேரம் விழித்தால் அது 0.10 விழுக்காட்டுக்கு இணையாகிறது. நம் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு விதித்திருக்கும் எல்லை 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 விழுக்காடு. காலை ஆறுக்கு எழுந்து நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் திண்டுக்கல்லில் நண்பன் வீட்டு விருந்தை முடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் செம்பட்டிக்குத் திரும்பும் நம் பிள்ளை, சட்டம் தண்டிக்கும் நிலையையும் தாண்டிய நிலையில் வண்டி ஓட்டுகிறான். சாலையின் எதிர்த்திசையில் கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிய லாரிகள் வருகின்றன. அவற்றின் ஓட்டுநர்களும் உறங்கியவர்களல்லர்.

போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள், என்ன சொல்கிறீர்கள் என்பதை அறியும்வரை என்ற கருத்தில் வரும் வசனத்துக்கு (4:43) உறக்கத்தின் போதை என்றே தஹ்ஹாக் (ரஹ்) அவர்கள் விளக்கமளித்ததைத் தஃப்ஸீர் நூல்களில் காணலாம். பெரும்பான்மை அறிஞர்கள் அதை மதுவின் போதையாகவே கொண்டனர் என்பது உண்மைதான். எனினும் தொழும்போது தூக்கம் மேலிட்டால் படுத்து உறங்கிவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸும் (புகாரி 212) அதே காரணத்தையே சொல்கிறது: பாவமன்னிப்புக் கேட்பதாக எண்ணித் தன்னையே ஏசிக்கொள்ளக்கூடும்.

இங்கே மார்க்கப் பற்றுள்ள சிலர் எதிர்வாதம் எழுப்புவார்கள். நல்லடியார்கள் இரவில் குறைவாகவே உறங்கினார்கள், உறக்கத்தைப் புகழ்ந்து எழுதுவது சோம்பலை வளர்ப்பதாகாதா என்பார்கள். நல்லடியார்கள் எந்த இரவைக் குறைத்தார்கள்? இரவின் பிற்பகுதியை. முற்பகுதியில் அவர்கள் உறங்கினார்கள். இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் அமர்வதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் (புகாரி 568). தஹஜ்ஜுதின் வாசலே இஷாவுக்குப் பின்னான உறக்கத்தில்தான் திறக்கிறது. பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே கட்டப்பட்டிருந்த கயிற்றை, களைத்தால் பிடித்துக்கொள்ள ஸைனப் (ரலி) அவர்கள் கட்டியது என அறிந்ததும் அவிழ்க்கச் சொன்னார்கள் (புகாரி 1150). வணக்கத்துக்காகக் கட்டிய கயிற்றையே அவிழ்த்தவர்கள், கல்லூரித் தேர்வுக்காகவும் கிரிக்கெட் தொடருக்காகவும் நாம் பிள்ளையின் கழுத்தில் கட்டிய கயிற்றைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? அபுத்தர்தா (ரலி) அவர்கள் இரவின் தொடக்கத்திலேயே வணங்க எழுந்தபோது உறங்குமாறு கூறிப் பிற்பகுதியில் எழுப்பியவர் ஸல்மான் (ரலி) அவர்கள். ஸல்மான் சொன்னது சரியே என நபி (ஸல்) அவர்கள் உறுதிப்படுத்தினார்கள் (புகாரி 1968). ஒரு நண்பன் மற்றொரு நண்பனைத் தூங்க வைத்த வரலாறு அது. நம் பிள்ளைகளின் நண்பர் குழுக்களோ இரவு ஒரு மணிக்குத்தான் “இருக்கியா?” என்று கேட்கின்றன.

கைப்பேசியைப் பற்றி நீண்டு எழுத எனக்கு விருப்பமில்லை. அதைப் பற்றி எழுதாதவர் எவருமில்லை. ஒன்று மட்டும். சுப்ஹுக்கு முன், நண்பகல் ஓய்வு, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் வீட்டிலுள்ள சிறுவர்களும் பணியாளர்களும்கூட அனுமதி பெற்றே அறைக்குள் நுழைய வேண்டும் என்கிறது அந்நூர் அத்தியாயம் (24:58). பெற்ற பிள்ளைக்கே அனுமதி தேவைப்படும் அந்த நேரத்தில் முகமறியாத ஆயிரம் பேர் தலையணைக்கருகே வந்து அமர நாம் இணங்கியிருக்கிறோம். மகனுடைய கருவியைப் பறிக்கும் அத்தா தம்முடையதையும் அதே அலமாரியில் வைத்துப் பூட்டாதவரை அவருடைய சொல்லுக்கு வீட்டில் எடை இராது.

இப்போது ஜமாஅத்தாரிடம் பேசுகிறேன். நம் நிக்காஹ் விருந்துகள் எந்த நேரத்தில் முடிகின்றன? மண்டபத்தில் கடைசிப் பந்தி எழும்போது மணி பதினொன்றைத் தாண்டுகிறது. சமையற்கட்டில் நிற்பவர்களும் பந்தி பரிமாறுபவர்களும் பெரும்பாலும் யார்? ஊரின் கல்லூரி மாணவர்கள். மறுநாள் ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள். மார்க்க விளக்கக் கூட்டம் இஷாவுக்குப் பின் தொடங்குகிறது. மூன்றாவது பேச்சாளர் ஒலிவாங்கியைப் பிடிக்கும்போதே நள்ளிரவு நெருங்குகிறது. அவர் பேசும் தலைப்பு பெரும்பாலும் சுப்ஹுத் தொழுகையின் சிறப்பாக இருக்கும். இஷாவுக்குப் பின் கல்விக்காகவும் விருந்தினருக்காகவும் பேச ஹதீஸில் இடமிருக்கிறது என்பதை நானும் அறிவேன். அச்சலுகை சுப்ஹைக் காவு கொடுக்கத் தரப்பட்டதன்று.

ஒலிபெருக்கியைப் பொறுத்தவரை நாட்டின் சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை அதைக் கட்டுப்படுத்துகின்றன. தில்லி ராம்லீலா மைதானத்தில் 2011 ஜூன் 4-ஆம் தேதி நள்ளிரவில் உறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைக் காவல்துறை எழுப்பி விரட்டிய வழக்கில், 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறக்கத்தையும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் அடிப்படை உரிமையாகக் கண்டது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் சமுதாயம், அடுத்த வீட்டில் தேர்வுக்குப் படித்துவிட்டுப் படுத்திருக்கும் பிள்ளை எந்த மதத்தவனாயினும் அவனுடைய அந்த உரிமையையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ரமளானில் நடப்பதைத் தனியாகவே சொல்ல வேண்டும். தராவீஹ் முடிந்தபின் வீடு திரும்பினால் ஐந்து மணி நேரமாவது உறங்கிச் சஹருக்கு எழலாம். ஆனால் மின்விளக்குக் கட்டிய திடலில் கிரிக்கெட், முடிந்தபின் பரோட்டாக் கடை, அப்படியே சஹர், சுப்ஹு முடிந்ததும் படுக்கை என்பது பல ஊர்களில் வாலிபர்களின் நோன்பு வழக்கமாகிவிட்டது. கல்லூரி இருக்கும் நாளில் அந்தப் படுக்கையும் ஒரு மணி நேரமே. நோன்பாளியின் பகல் முழுவதும் மயக்கத்தில் கழிகிறது. மயக்கத்துக்கு நோன்பின் மீது பழி. திடலுக்கு விளக்குக் கட்டப் பணம் கொடுத்த செல்வந்தர்கள் யார் என்று பார்த்தால், ஜும்ஆ பயானில் முன் வரிசையில் அமர்ந்து தலையாட்டியவர்களே.

உண்மையாகவே நோயுற்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். படுத்து இரண்டு மணி நேரம் ஆகியும் உறக்கம் வராமல், வாரக்கணக்கில் அதே நிலை நீடித்தால் அது சோம்பலுமன்று, ஷைத்தானின் வேலை என்று ஒதுக்கிவிடத் தக்கதுமன்று. எட்டு மணி நேரம் உறங்கியும் பகலில் விழிக்க முடியாதவன், பலத்த குறட்டையின் நடுவே மூச்சு நின்று திணறுபவன், காரணமின்றி விடியற்காலை மூன்றுக்கே விழித்து நெஞ்சு கனக்கப் படுத்திருப்பவள் ஆகியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது பெற்றோர் கடமை. மனச்சோர்வும் பதற்றமும் முதலில் தட்டும் கதவு பெரும்பாலும் உறக்கம்தான். பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணமில்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை, தமிழிலேயே பேசலாம். மருத்துவர் சீட்டில்லாமல் தெரிந்த மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கும் பெற்றோரையும் நான் அறிவேன். அல்ப்ரஸோலம் போன்றவை கடைக்காரர் பதிவேட்டில் எழுதி வைத்தே விற்க வேண்டிய மருந்துகள். பழக்கமாகிவிட்டால் விடுவது கடினம்.

ஒரு பயணத்தில் இரவு நெடுநேரம் நடந்து களைத்த நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் படுத்தபோது, சுப்ஹுக்கு எழுப்பும் பொறுப்பை பிலால் (ரலி) அவர்கள் ஏற்றார்கள். களைப்பு அவரையும் வென்றது. சூரியன் உதித்தபின்தான் விழித்தார்கள் (புகாரி 595). பிலாலைக் கடிந்துகொண்டதாக அங்கே எதுவும் இல்லை. பயணம் தொடர்ந்தது, தொழுகை நிறைவேற்றப்பட்டது. உறங்கிப்போனவனை எப்படி நடத்துவது என்பதற்கு இதைவிட வேறு முன்மாதிரி நமக்கு வேண்டாம். ஆறு மணிக்கு மகனுடைய போர்வையை உருவி, “நீயெல்லாம் ஒரு முஸ்லிமா?” என்று கத்துகிறவர் அந்த முன்மாதிரியை எங்கிருந்து பெற்றார்?

நான் கேட்பவை பெரியவை அல்ல. இஷா ஜமாஅத்துக்கு முன்னரே வீட்டில் சோறு முடியட்டும். கடை வைத்திருக்கும் அத்தா தம் பங்கைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லித் தாமே போட்டுச் சாப்பிடட்டும், தம் தட்டைத் தாமே கழுவட்டும். பத்து மணிக்கு வீட்டின் இணைய இணைப்பு அணையட்டும், எல்லாருக்கும் சேர்த்து. சுப்ஹு முடிந்து பிள்ளைகள் கால்மணி நேரம் வெளிச்சத்தில் நடக்கட்டும். செம்பட்டியிலிருந்து ஆத்தூர்ச் சாலையில் அதற்கு இடமிருக்கிறது. கூட்டங்கள் அஸருக்கும் மக்ரிபுக்கும் பின் நடந்து இஷாவோடு முடியட்டும். இரவு நிக்காஹ் விருந்துக்கு ஒன்பதரை மணி எல்லையாகட்டும். அதை மீறும் விருந்துக்குப் பள்ளிவாசல் பாத்திரங்களைத் தருவதில்லை என்று மஹல்லா முடிவெடுக்கட்டும். கல்லூரி விடுதிகளில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் சேர்ந்து சென்று, பத்தரைக்குப் பின் விளக்கணைக்கும் ஒழுங்கைக் காப்பாளரிடம் கேட்டுப் பெறட்டும்.

இவற்றைத் தீர்மானமாக்க நிர்வாகக் குழு கூடும் என்று நம்புகிறேன். சென்ற முறை குழு கூடியது இரவு பத்து மணிக்கு, கலைந்தது ஒன்றரைக்கு. தேநீர் வாங்கிவர அனுப்பப்பட்டவன் செயலாளரின் மகன், இரண்டாம் ஆண்டு மாணவன். இம்முறை அஸருக்குப் பின் கூடுங்கள்.